இடைவெளி ஒப்புகை

செப்டம்பர் 4, வியாழன்

இன்று ஒரு சிறிய தவறு செய்திருப்பது தெரியவந்தது. இலக்கிய மீளாய்வில் ஆட்களின் பெயரை எழுதிவிட்டேன்.

இலக்கிய மீளாய்வு என்பது ஆய்வேட்டின் இரண்டாவது இயல். நம் தலைப்பில் நமக்கு முன்னால் யார் யார் என்னென்ன எழுதினார்கள் என்று படித்துச் சொல்ல வேண்டும். முடிவில், 'இவர்கள் யாரும் இதைப் பார்க்கவில்லை, ஆகவே நான் பார்க்கிறேன்' என்று எழுத வேண்டும். அவர்கள் பார்க்காமல் விட்ட இடத்துக்கு ஆய்வு இடைவெளி என்று பெயர். இடைவெளி இல்லாமல் ஆய்வு இல்லை என்று வகுப்பில் முதல் நாளே சொன்னார்கள். அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

என் தலைப்பு 'பொது அலுவலகக் காத்திருப்பு அறைகளில் நாற்காலிகளின் திசை'. பகலில் நான் குடிநீர் இணைப்பு அலுவலகத்தில் எண் சீட்டு கொடுக்கும் ஜன்னலில் இருக்கிறேன். போன வருடம் சுவருக்கு வண்ணம் அடித்தபோது கூடத்தில் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். என் ஜன்னலையே முறைத்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்து உட்கார வேண்டியதாயிற்று. அந்த வாரம் முழுக்க என் ஜன்னல் கண்ணாடியை யாரும் தட்டவில்லை. "உங்க வீட்டுக் குழாய்லயும் காத்துதான் வருதா?" என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். வண்ணம் காய்ந்ததும் நாற்காலிகளைப் பழையபடி திருப்பினார்கள். அன்றைக்கே கண்ணாடியைத் தட்டத் தொடங்கிவிட்டார்கள். இது ஏன் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அதை மறைப்பது முறையல்ல. அந்த ஜன்னலில் நான் தற்காலிகம். டிசம்பர் முடிவதற்குள் முதுகலைப் பட்டம் வாங்கினால் நிரந்தரம். வாங்காவிட்டால் பட்டம் உள்ள வேறு ஆள் வருவார். மேலாளர் இதை இரண்டு தடவை சொல்லிவிட்டார். இரண்டாவது தடவை கொஞ்சம் வருத்தத்தோடு சொன்னார்.

நான் படிப்பது காத்திருப்பு ஆய்வுத் துறையில், மாலை வகுப்பு. என் நெறியாளர் எந்தப் பக்கத்தைக் கொடுத்தாலும் ஓரத்தில் சிவப்பு மையில் 'பார்க்கவும்' என்று எழுதுவார். எதைப் பார்க்க வேண்டும் என்று எழுத மாட்டார். இன்று முதல்முறையாக வாயைத் திறந்து சொன்னார்.

"பேரெல்லாம் போட்டிருக்கீங்களே?"

"அவங்கதானே சார் எழுதினாங்க?"

"எழுதினாங்க. அதுக்காகப் பேரைப் போடுவாங்களா? 'சில ஆய்வாளர்கள்'னு போடணும். சில ஆய்வாளர்களுக்கு வீடு கிடையாது, போன் கிடையாது. யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க. நீங்க ஆண்டு, பக்க எண் எல்லாம் போட்டு மூணு பேர் மேல குறை சொல்லிட்டீங்க."

"குறை இல்ல சார். இடைவெளி."

"அது உங்களுக்கு இடைவெளி. அவங்களுக்குக் குறை."

"அப்ப அந்த வரியை எடுத்துடறேன் சார்."

"அலுவலகத்துல சீல் வச்சாச்சே" என்றார். தன் சட்டைப்பையிலேயே சீல் விழுந்துவிட்டதைப் போல நெஞ்சைத் தொட்டுக்கொண்டார்.

அலுவலகத்தில் எழுத்தர் ஒரு படிவம் கொடுத்தார். 'இடைவெளி ஒப்புகை' என்று தலைப்பு. என் தலைப்பில் முன்பு எழுதியவர் ஒருவரைச் சந்தித்து, 'ஆமாம், நான் இதை விட்டுவிட்டேன்' என்று கையெழுத்து வாங்கி வர வேண்டும். துறையில் இவர்களை முன்னோடிகள் என்பார்கள். மூவரில் ஒருவர் போட்டால் போதுமாம். இந்த விதி எப்போது வந்தது என்று கேட்டேன்.

"ஒரு பையன் நம்ம துறைத் தலைவர் ஆய்வேட்டுலயே இடைவெளி இருக்குன்னு எழுதிட்டான்மா. அவர் அதைப் படிச்சுட்டார்."

"மாணவர்களோட ஆய்வேட்டையெல்லாம் அவர் படிப்பாரா?"

"அந்த ஒண்ணுதான் படிச்சார். அதுக்கப்புறம் படிக்கிற அவசியம் வரக் கூடாதுன்னுதான் இந்தப் படிவம்."

செப்டம்பர் 13, சனி

முதல் முன்னோடியைப் பார்த்தேன். 'காத்திருப்போர் பொறுமையில் மின்விசிறியின் பங்கு' என்ற ஆய்வேட்டை எழுதியவர். இப்போது ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வட்டார மேலாளர். காலையில் போனவள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் உள்ளே போக முடிந்தது. காத்திருப்பு அறையில் மின்விசிறி இருந்தது. சுற்றவில்லை.

"என் ஆய்வுல இடைவெளியா?" என்று சிரித்தார். "எவ்வளவு பக்கம்னு தெரியுமா அது?"

"தெரியும் சார். படிச்சேன்."

சிரிப்பு நின்றது. "படிச்சியா? முழுசாவா?"

"ரெண்டு தடவை சார்."

எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "அதுல அஞ்சாவது இயல்…"

"மூணாவது இயலும் அதுவும் ஒண்ணேதான் சார். வரிக்கு வரி."

"அது வந்து, அழுத்தம் கொடுக்கறதுக்காக" என்றார். அதன்பிறகு என்னை 'நீங்க' என்று அழைக்கத் தொடங்கினார். தேநீர் வரவழைத்தார். படிவத்தை வாங்கிப் பார்த்தார்.

படிவத்தில் மூன்று கட்டங்கள் உள்ளன. தெரியாமல் விட்டது. தெரிந்தே விட்டது. பின்வருவோர் நலன் கருதி விட்டது. ஏதாவது ஒன்றில் டிக் போட வேண்டும்.

"முதல் கட்டத்துல போட்டா நான் முட்டாள். ரெண்டாவதுல போட்டா சோம்பேறி" என்று யோசித்தார். "மூணாவதுதான் எனக்குப் பொருந்துது. நாற்காலியைப் பத்தி எழுதலாம்னு அன்னைக்கே தோணிச்சு. பின்னால ஒரு பொண்ணு வருவா, அவளுக்கு இருக்கட்டும்னு விட்டேன்."

"நான் அப்ப ரெண்டாம் வகுப்பு சார்."

"அதனால என்ன? தொலைநோக்கு."

டிக் போட்டு, கையெழுத்திட்டு, என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கதவுவரை வந்து, அஞ்சாவது இயல் விஷயம் நமக்குள் இருக்கட்டும் என்றார். இருக்கும் என்றேன். நாட்குறிப்பில் எழுதுவது சொல்வதாகாது என்று நினைக்கிறேன். நிச்சயமில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

படிவம் செல்லாது.

"மூணாவது கட்டம்னா பயனாளி கையெழுத்தும் வேணும்மா" என்றார் எழுத்தர்.

"பயனாளி யாருங்க?"

"நீதான். உன் நலனுக்குத்தானே விட்டிருக்கார்?"

கையெழுத்துப் போட்டேன். அவர் மை உலரும்வரை பொறுத்திருந்து சொன்னார்: "இப்ப நீ பயனாளி. பயனாளி தனக்குக் கிடைச்ச பயனைப் பத்தித் தானே ஆய்வு பண்ணக் கூடாது. நடுநிலை போயிடும்."

"அப்ப வேற யாராவது பண்ணலாமா?"

"தாராளமா. ஆனா பண்ண ஆரம்பிச்ச உடனே அவங்க பயனாளி ஆயிடுவாங்க."

அவர் கிண்டல் செய்யவில்லை. ஒரு கோப்பின் துளைகளில் கயிறு கோத்துக்கொண்டே சொன்னார். இதுவரை யாராவது இந்தப் படிவத்தை முழுசாக முடித்திருக்கிறார்களா என்று கேட்டேன். கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு, "எல்லாரும் 'சில ஆய்வாளர்கள்'னு போட்டுடுவாங்கம்மா" என்றார்.

வீட்டில் அண்ணியிடம் சொன்னேன். அண்ணி வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறாள். தையல் மேசையில் பாதி அவளுக்கு, பாதி என் ஆய்வுக்கு. ஊசி குத்தி வைத்த துணியையும் நான் அடுக்கி வைத்த காகிதத்தையும் தனித்தனியாக வைப்பதே எங்கள் இருவருக்கும் பெரிய வேலை.

"நாற்காலியைத் திருப்பினா சண்டை குறையுதுன்னு நீ கண்ணால பார்த்தல்ல?"

"பார்த்தேன் அண்ணி."

"அப்ப பார்த்ததை எழுத வேண்டியதுதானே?"

"அது நாலாவது இயல்ல வரும்."

"நீ இப்ப எத்தனாவதுல இருக்க?"

"ரெண்டு."

அண்ணி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "உங்க அண்ணன் கல்யாணத்துக்கு முன்னால வீடு கட்டறேன்னு சொன்னாரு. அவரும் ரெண்டாவது இயல்லதான் இருக்காரு போல" என்றாள். உள்ளே அண்ணன் செய்தி பார்த்துக்கொண்டிருந்த டிவியின் சத்தம் சட்டென்று கூடியது.

அக்டோபர் 8, புதன்

நல்ல நாள். இரண்டாவது முன்னோடி கையெழுத்துப் போட்டுவிட்டார்.

'காத்திருப்பு அறையில் சுவர்க் கடிகாரத்தின் இடம்' எழுதியவர். ஒரு பெண்கள் பள்ளியில் துணைத் தலைமையாசிரியை. மேடம் என்றதும், "பிள்ளைங்க கூப்பிட்டு அந்த வார்த்தையே தேஞ்சுபோச்சு, அக்கான்னு கூப்பிடு" என்றார். கடிகார அக்கா என்று மனதுக்குள் பெயர் வைத்துக்கொண்டேன்.

நான் அவருடைய ஆய்வேட்டைப் படித்ததற்காக அவர் பயப்படவில்லை. சந்தோஷப்பட்டார். "நூலகத்துல அதை எடுத்தவ நீதான் முதல் ஆளா இருப்ப. கடிகாரம் தப்பா ஓடினா ஜனங்க அதை இன்னும் அதிகமாப் பார்க்கறாங்கன்னு கண்டுபிடிச்சேனே, அந்த இடம் எப்படி?"

"அதுதான் அக்கா எனக்குப் பிடிச்ச இடம்."

"எனக்கும் அது ஒண்ணுதான் பிடிக்கும். மீதியெல்லாம் பட்டத்துக்காக எழுதினது."

படிவத்தை நீட்டினேன். படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். பக்கத்து அறையிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? நான் போன ஆபீஸ்ல நாற்காலியே கிடையாதும்மா. எல்லாரும் நின்னுக்கிட்டு இருந்தாங்க, நானும் நின்னுக்கிட்டே எழுதினேன். இல்லாத நாற்காலி எந்தப் பக்கம் பார்க்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

முதல் கட்டத்தில் டிக் போட்டார். தெரியாமல் விட்டது. கையெழுத்து பெரியதாக, தெளிவாக இருந்தது, முழுப் பெயரோடு.

மாலையில் அதைக் கொடுத்தபோது எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "முதல் கட்டம்! நான் வேலைக்குச் சேர்ந்ததிலேருந்து இதுல யாரும் டிக் போட்டுப் பார்த்ததில்ல" என்றார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் அதைக் குனிந்து பார்த்தார்கள். பிறகு கைவிரல் படாமல் ஓரத்தைப் பிடித்து உள்ளே எடுத்துப் போனார்கள்.

மூன்றாவது இயலைத் தொடங்கிவிட்டேன்.

அக்டோபர் 27, திங்கள்

மாலை வகுப்பில் என் பக்கத்து இருக்கையில் கடிகார அக்கா வந்து உட்கார்ந்தார்.

சிறப்பு விரிவுரைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்து வணக்கம் சொன்னேன். "உட்காரு, உட்காரு. நானும் உன் வகுப்புதான்" என்றார். பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். துறை அனுப்பியது.

'தெரியாமல் விட்டதாகத் தாங்களே ஒப்புக்கொண்டிருப்பதால், தங்கள் பட்டம், தாங்கள் தெரிந்துகொள்ளும்வரை இடைநிறுத்தி வைக்கப்படுகிறது. விட்ட இடைவெளியை நிரப்ப மாலை வகுப்பில் மீண்டும் சேரும்படி அன்புடன் அழைக்கிறோம்.'

'அன்புடன்' என்ற சொல்லுக்கு அடியில் யாரோ கோடு போட்டிருந்தார்கள்.

"நீங்க வரலைன்னு சொல்லியிருக்கலாமே அக்கா."

"பள்ளிக்கும் ஒரு நகல் அனுப்பிட்டாங்கம்மா. எங்க தலைமையாசிரியை ஓய்வு பெறப் போறாங்க. அந்த இடத்துக்கு நவம்பர் கடைசியில நேர்காணல். பட்டம் இடைநிறுத்தத்துல இருந்தா நேர்காணலுக்குக் கூப்பிட மாட்டாங்க. இப்ப இருக்கற வேலைக்கே என்ன ஆகும்னு தாளாளர் கேட்டுக்கிட்டு இருக்கார்."

மன்னிப்புக் கேட்பதற்கான வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டிருந்தேன். அதற்குள் நெறியாளர் வந்துவிட்டார். அவர் இன்னும் மோசமான செய்தியை வைத்திருந்தார். இடைவெளியைக் கடிகார அக்கா நிரப்பப் போவதால், அது இனி இடைவெளி இல்லையாம். என் தலைப்பு 'வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டது' ஆகிறதாம்.

"ரெண்டு பேரும் ஒரே நாற்காலியைப் பத்தி எழுத முடியாது பாருங்க" என்றார் நெறியாளர். இதைச் சொன்னபோது எங்கள் இருவர் முகத்தையும் பார்க்கவில்லை, இருவருக்கும் நடுவில் இருந்த இடத்தைப் பார்த்தார்.

"அப்ப நான் என்ன சார் பண்றது?"

"படிவம் செல்லும். துறையோட ஆய்வுக் குழு இன்னும் முடிவு பண்ணல. டிசம்பருக்குள்ள அவங்க நிரப்பலைன்னா, இடைவெளி உங்களுக்கே திரும்ப வரும். உங்களுக்குப் பட்டம் கிடைச்சுடும்."

"அவங்களுக்கு?"

"அவங்க நிரப்பலையே" என்றார்.

வகுப்பு முடிந்ததும் கடிகார அக்கா என் பக்கம் ஒரு படிவத்தை நகர்த்தினார். இடைவெளி ஒப்புகை. அவர் இப்போது புதிதாக மீளாய்வு எழுத வேண்டும். அதில் கடைசி முன்னோடி நான். என் இரண்டாவது இயலுக்கு சீல் வைத்தாயிற்று அல்லவா.

"நீயும் எதையாவது விட்டிருப்பல்ல? யோசிச்சுச் சொல்லு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது.

மூன்று கட்டங்களையும் வெகுநேரம் பார்த்தேன். முதலாவதில் டிக் போட்டால், வாங்காத பட்டம் இடைநிறுத்தப்படும். மூன்றாவதில் போட்டால் அவர் பயனாளி ஆகிவிடுவார். இரண்டாவதைப் பற்றி யோசிக்கவே பயமாக இருந்தது. படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

நவம்பர் 7, வெள்ளி

துறைத் தலைவரைப் பார்க்க அனுமதி கிடைத்தது. 'காத்திருத்தல்: ஓர் அறிமுகம்' என்ற ஆய்வேட்டை எழுதிய மூன்றாவது முன்னோடி அவர்தான். இருந்தாலும் படிவம் கொண்டு போகவில்லை. அந்த அளவுக்கு எனக்குத் துணிச்சல் இல்லை.

அவர் அறையில் ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. அதில் அவர் உட்கார்ந்திருந்தார். கடிகார அக்காவின் பட்டத்தைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"இந்தத் துறைக்கு நான் வந்தப்போ எவ்வளவு இடைவெளி இருந்துச்சு தெரியுமா?" என்றார். "எங்க பார்த்தாலும் தெரியாத விஷயம். ராத்திரியில தூக்கம் வராது. ஒவ்வொண்ணா அடைச்சோம். அடைக்க முடியாததுக்கு ஒரு குழு போட்டோம். இப்ப மாணவர்கள் நிம்மதியா வந்து நிம்மதியாப் போறாங்க. நடுவுல நீ வந்து நாற்காலிங்கற."

"நாற்காலியைத் திருப்பினா ஜனங்களுக்குக் கோபம் குறையுது சார். நான் பார்த்தேன்."

"இருக்கலாம். அதை யார் சொல்லியிருக்கா?"

"யாரும் சொல்லல சார்."

"பார்த்தியா? யாரும் சொல்லாததை எப்படிம்மா நம்பறது?"

கொஞ்சம் யோசித்துக் கேட்டேன். "யாராவது சொல்லியிருந்தா சார்?"

"அப்ப நீ எதுக்குச் சொல்லணும்?"

இரண்டையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அவருக்கு அது பிடித்திருந்தது. இன்னும் கொஞ்சம் சொன்னார்.

"அறிவுன்னா என்னன்னு நினைக்கிற? முன்னாடி உட்கார்ந்தவங்க மனசு நோகாம அவங்க பக்கத்துல ஒரு இடம் பிடிக்கிறது. நான் என் நெறியாளர் பக்கத்துல ஒரு இடம் பிடிச்சேன். அவர் போனதும் அங்க நகர்ந்து உட்கார்ந்தேன். என் ஆய்வேட்டை இதுவரைக்கும் யாராவது மறுத்திருக்காங்களா?"

"இல்ல சார்."

"ஏன்?"

யாரும் படிக்கவில்லை என்று வாய்வரை வந்தது. நான் படித்திருக்கிறேன் என்பதும் கூடவே வந்தது. இரண்டையும் விழுங்கிவிட்டேன்.

"ஏன்னா அதுல மறுக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல" என்றார். இந்த இடத்தில் நான் அவரோடு முழுமையாக உடன்பட்டேன்.

கடைசியில் வழி சொன்னார். அந்த அம்மாள் கொடுத்த ஒப்புகை தானாக ரத்தாகாது. படிவத்தைக் கேட்டு வாங்கியவள் நான், ஆகவே நான்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்: 'முன்னோடிகளின் ஆய்வில் இடைவெளி எதுவும் இல்லை. நான் சரியாகப் படிக்காமல் எழுதிவிட்டேன்.' அப்படிக் கொடுத்தால் அவருடைய பட்டம் அன்றே திரும்பக் கிடைக்கும்.

"அப்ப என் ஆய்வு சார்?"

"அதைக் குழு பார்த்துக்கும்" என்றார். குழுவின் தலைவரும் அவரே.

நவம்பர் 9, ஞாயிறு

முறையாக யோசிக்கலாம் என்று ஒரு தாளில் நடுவே கோடு கிழித்து உட்கார்ந்தேன். இடது பக்கம் நான், வலது பக்கம் கடிகார அக்கா. என் பக்கத்தில் 'ஜன்னல்' என்று எழுதினேன். அவர் பக்கத்தில் 'பள்ளிக்கூடம்' என்று எழுதினேன். பிறகு ஒன்றும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை வகுப்பில் அவரிடம் துறைத் தலைவர் சொன்ன வழியை மறைக்காமல் சொல்லியிருந்தேன். அவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

"உன்கிட்ட நான் எதுவும் கேக்க மாட்டேன்" என்றார். "நீயும் என்கிட்ட 'பரவாயில்லையா அக்கா'ன்னு கேக்காத. கேட்டா பரவாயில்லைன்னு சொல்ல வேண்டி வரும்."

அதன்பிறகு இருவரும் பாடத்தைக் கவனித்தோம். பாடம் 'மேற்கோள் காட்டும்போது கவனிக்க வேண்டியவை'.

இன்று அண்ணி தாளைப் பார்த்துவிட்டாள். "என்ன இது, சொத்துப் பிரிக்கிறியா?"

சொன்னேன். மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"நீ சரியாத்தானே படிச்ச?"

"ஆமா அண்ணி. ரெண்டு தடவை."

"சரியாப் படிச்சதைப் படிக்கலைன்னு எழுதிக் கொடுக்கணும். அப்படித்தானே?"

"ஆமா."

"கொடுக்கலைன்னா அந்தம்மா வேலை போயிடும்."

"போகலாம். நிச்சயமாத் தெரியாது."

"உனக்கு எதுதான் நிச்சயமாத் தெரியும்?" என்று எரிந்து விழுந்தாள். பிறகு குரல் இறங்கியது. "நிரந்தரம் ஆனதும் மாடியில உனக்குன்னு ஒரு மேசை வாங்கலாம்னு உங்க அண்ணன்கிட்ட பேசி வச்சிருந்தேன்டி. மரக்கடையில பார்த்துட்டுக்கூட வந்துட்டேன்."

எனக்கு இது தெரியாது. இருவரும் தையல் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"அந்தம்மா கையெழுத்துப் போட எவ்வளவு நேரம் யோசிச்சாங்க?" என்று கேட்டாள் அண்ணி.

"யோசிக்கவே இல்ல."

அண்ணி தன் துணிகளை மடித்து நாற்காலியில் போட்டாள். முழு மேசையும் எனக்குக் கிடைத்தது. கடிதத்தை அங்கே எழுதினேன். மூன்று வரிதான். இரண்டு தடவை நகல் எடுத்தேன், எழுத்துப் பிழை இல்லை.

நவம்பர் 24, திங்கள்

கடிகார அக்காவின் பட்டம் திரும்பிவிட்டது. புதன்கிழமை நேர்காணல்.

இன்று மாலை என்னைக் குழு அழைத்தது. நீள மேசைக்குப் பின்னால் ஐந்து பேர். நெறியாளர் ஓரத்தில் உட்கார்ந்து, என்னைத் தெரியாதவர் போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்துப் போனேன். துறைத் தலைவர் எழுந்து நின்று கை தட்டினார். மற்றவர்களும் எழுந்து தட்டினார்கள்.

"முன்னோடிகள் எதையுமே விடலைன்னு எழுத்துல ஒப்புக்கிட்ட முதல் மாணவி நீ" என்றார். "எத்தனை பேர் வந்து அது இல்ல, இது இல்லைன்னு எழுதியிருக்காங்க! எல்லாம் இருக்குன்னு எழுத ஒருத்தருக்கு மனசு வரல. இதுதான் முழுமையான மீளாய்வு."

இந்த ஆண்டின் சிறந்த இலக்கிய மீளாய்வுக்கான பரிசை எனக்குத் தர முடிவு செய்திருப்பதாக ஒரு உறுப்பினர் படித்தார். தொடர்ந்து அடுத்த பத்தியையும் அதே குரலில் படித்தார்: 'மீளாய்வில் இடைவெளி எதுவும் இல்லை என்று நிறுவப்பட்டுவிட்டதால், இத்தலைப்பில் மேற்கொண்டு ஆய்வு தேவையற்றது எனக் குழு மகிழ்ச்சியுடன் முடிவு செய்கிறது.'

"அப்ப என் பட்டம் சார்?"

"ஆய்வு இருந்தாத்தானேம்மா பட்டம்?" என்றார் துறைத் தலைவர், குழந்தைக்குச் சொல்வது போல.

"வேற தலைப்புல…"

உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மீளாய்வை முழுமையாக முடித்த மாணவர் மறுபடி மீளாய்வு எழுதுவதற்கு விதியில் இடமில்லையாம். அப்படி ஒருவர் வருவார் என்று விதி எழுதியவர்கள் நினைக்கவில்லையாம்.

"அது ஒரு இடைவெளி இல்லையா சார்?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. நால்வர் மேசைமேல் இருந்த சீல் டப்பாவைப் பார்த்தார்கள். நெறியாளர் மட்டும் முதல்முறையாக என்னைப் பார்த்தார். பிறகு தன் முன்னால் இருந்த தாளின் ஓரத்தில் ஏதோ எழுதினார்.

டிசம்பர் 18, வியாழன்

இன்று பரிசளிப்பு. கண்ணாடிச் சட்டமிட்ட ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். மின்விசிறி முன்னோடி சிறப்பு விருந்தினர். இளைய தலைமுறை ஆய்வேடுகளை மிக ஆழமாகப் படிப்பது கவலையளிக்கிறது என்று பேசினார். மேடையிலிருந்து என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். நானும் அசைத்தேன்.

துறைத் தலைவர் வெகுநேரம் பேசினார். "கேள்வி கேட்பது எளிது, எதுவும் கேட்காமல் ஒரு துறையை நடத்திப் பாருங்கள்" என்று முடித்தார். மிக நீண்ட கைதட்டல். அண்ணி தட்டவில்லை. வாரம் முழுக்கத் தைத்து விரல் வலிக்கிறது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடிகார அக்கா வந்திருந்தார். இப்போது தலைமையாசிரியை. கூட்டம் கலைந்ததும் படிக்கட்டருகே வந்து என் கையிலிருந்த சட்டத்தை வாங்கிப் பார்த்தார்.

"அடுத்த வருஷம் வேற எங்கயாவது சேரலாம்ல?"

"மாற்றுச் சான்றிதழ் கேட்டிருக்கேன் அக்கா. படிப்பை முடிச்சவங்களுக்கும் தரலாமாம், பாதியில விட்டவங்களுக்கும் தரலாமாம். நான் எதுலயும் வரலையாம். குழு போட்டிருக்காங்க."

அவர் சட்டத்தின் கண்ணாடியைத் தன் புடவைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. துடைத்துக்கொண்டே இருந்தார். அண்ணிதான் கடைசியில், "குடுங்க, நான் தூக்கிட்டு வர்றேன்" என்று மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மேலாளர் அழைத்தார். என் இடத்துக்கு ஆள் வந்துவிட்டார், நாளையே சேர்கிறார், இந்த மாதக் கடைசிவரை நான் கூட இருந்தால் நல்லது என்றார். வருகிறேன் என்றேன்.

நாளை செய்ய வேண்டியது: காலை எட்டரைக்குள் போக வேண்டும். எண் சீட்டு இயந்திரத்தில் காகிதச் சுருள் மாற்றுவதைப் புதியவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். சுருள் சிக்கினால் இழுக்கக் கூடாது, மூடியைத் திறந்து பின்பக்கம் சுற்ற வேண்டும் என்பதை மறக்காமல் சொல்ல வேண்டும்.